வெள்ளைக்கல்லும் மூன்று ஏக்கர் மரவள்ளியும்

கண்ணகிக்கு அந்தப் பங்குனியில் இருந்த அசதியை மூட்டை கட்டி ஏற்றினால், சின்னசேலம் ஸ்டேஷனில் ஒரு முழுக் கூட்ஸ் வண்டி பிடித்திருக்கும். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு இன்ஜின் போட்டாலும் ஆத்தூர் போய்ச் சேருவதற்குள் வண்டி முக்கி முனகியிருக்கும். கட்டிலில் அவள் சாய்வதற்கு முன்பே அசதி சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காலையில் அவளுக்கு முன்பே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்.

காரணம் மூன்று ஏக்கர் மரவள்ளி. வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை காலை நீட்டிப் போட்டிருக்கிற இடத்தில் அவர்கள் கொல்லை. தை மாதம் நட்ட குச்சி முழங்கால் உயரம் வந்து நின்றபோது கிணறு கையை விரித்துவிட்டது. மோட்டாரைப் போட்டால் தண்ணீருக்குப் பதில் பெருமூச்சு வந்தது. பக்கத்துக் கொல்லை வீரமுத்து இரக்கப்பட்டு எப்போதாவது ஒரு முறை தண்ணீர் திறந்துவிடுவார். அதை ஒரு சொட்டு சிந்தாமல் செடிக்குச் செடி கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்குள் கண்ணகியின் முதுகு வில்லாகி, வில் முறிந்து, முறிந்ததை யாரோ அரைகுறையாக ஒட்டவைத்தது போல் ஆகிவிடும். சித்திரை வெயில் தொடங்குவதற்குள் சொந்தக் கிணற்றில் தண்ணீர் ஏறாவிட்டால் மூன்று ஏக்கரும் அடுப்புக்குத்தான். அது ஒன்றுதான் அவள் கவலை. வேறு கவலை வைத்துக்கொள்ள அவளிடம் தெம்பில்லை.

அவள் புருஷன் ராஜாங்கத்திடம் தெம்புக்குக் குறைச்சலே இல்லை. செலவழித்தால்தானே குறையும்?

கிணற்றை ஆழப்படுத்த வேடியப்பன் தன் ஆட்களோடு வந்திருந்தான். மேட்டில் கிரேனை நிறுத்தி, அடியில் பாறையைத் துளைத்து வேட்டு வைத்து, உடைந்த கல்லை இரும்புத் தொட்டியில் மேலே ஏற்றிக் கொட்டுவது அவர்கள் தொழில். அவன் மனைவி ஆயம்மாள் அடியில் நின்று கல் அள்ளுவாள். அன்றைக்கு மாலை வைத்த வேட்டில் கல்வராயன் மலையே ஒரு தரம் திரும்பிப் படுத்தது. மலைமேல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் கச்சிராயபாளையத்தில் பஸ் பிடிக்க இறங்கி ஓடின.

புகை அடங்கியதும் எட்டிப் பார்த்தார்கள். கறுப்புப் பாறைக்கு நடுவே வெள்ளைவெளேர் என்று ஒரு பட்டை, வேட்டிக் கரை போல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஓடியது.

"அண்ணி, வெள்ளைக்கல்லு வந்துடுச்சி" என்றான் வேடியப்பன். "இது கொஞ்சம் கெட்டி. இத்த ஒடச்சிட்டா அடியில ஈரம் இருந்தாலும் இருக்கும். நாளிக்கி காலையில வந்து இன்னொரு வேட்டு போட்டுடலாம்."

அவர்கள் போனதும், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று ராஜாங்கம் உள்ளே இறங்கினார். ஏறி வரும்போது மடித்துக் கட்டிய வேட்டி நிறையக் கல். பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தரையில் கொட்டினார்.

"கண்ணகி, கதவ சாத்து."

"சோறு வெந்துக்கினு இருக்குது. பொக எங்க போவும்?"

"சாத்துடின்னா. தங்கம்!"

கண்ணகி குனிந்து பார்த்தாள். பென்சில் சீவியதுபோல ஆறு பட்டையும் கூர் நுனியுமாகக் கற்கள். சிலவற்றின் உள்ளே கண்ணாடிபோல் பார்வை போய் வந்தது. நாலைந்து கல்லில் மட்டும் மஞ்சள் மினுக்கம், வெந்தயத்தைப் பொடித்துத் தூவியதுபோல.

"இது வெங்கச்சாங்கல்லு. சின்னப் புள்ளைல ரெண்டு கல்ல ஒரசி நெருப்புப் பொறி பாப்போம். அடிவாரத்துல கால வெச்சா இதான் குத்துது."

"வெள்ளை வெங்கச்சாங்கல்லுதான், எனக்குத் தெரியாதா? அதுக்குள்ள மஞ்சளா இருக்குதே, அது இன்னா ஒங்கப்பன் தூவின மஞ்சத்தூளா?"

"எங்கப்பன ஏன் இழுக்கறீங்க? அவரு செத்தும் ஒங்ககிட்ட இருந்து தப்ப முடியல."

ராஜாங்கம் போனை எடுத்தார். தாடிக்காரன் ஒருவன் எந்தத் தேசத்திலோ ஆற்றோரம் உட்கார்ந்து கல்லை உடைத்துக்கொண்டிருந்தான். பிறகு இன்னொரு தாடிக்காரன். ஒரு மணி நேரத்தில் உலகத்துத் தாடிக்காரர்கள் அத்தனை பேரும் அந்த வீட்டுக்குள் வந்து போனார்கள். அவர்களிடம் ராஜாங்கம் கற்றுக்கொண்டது இரண்டு: வெங்கச்சாங்கல்லோடுதான் தங்கம் குடித்தனம் பண்ணும், கல் அசல் வெங்கச்சாங்கல்லா என்று பார்க்கக் கண்ணாடியில் கீற வேண்டும்.

காலையில் பொட்டு வைக்கப் போன கண்ணகிக்கு பீரோக் கண்ணாடியில் தன் முகம் ஏழெட்டுத் துண்டாகத் தெரிந்தது. எல்லாத் துண்டும் அசதியாகவே இருந்தன. வண்டிக் கண்ணாடி, கல்யாணப் போட்டோவின் கண்ணாடி, அலமாரியில் இருந்த நாலு டம்ளர், ஒன்றும் தப்பவில்லை.

"கீறிச்சி, பாத்தியா?"

"கீறிச்சி. கல்லு கெட்டின்னு தெரிஞ்சிது. தங்கம்னு எங்க தெரிஞ்சிது?"

"படிப்படியா வரணும்டி. மொதல்ல வூட்டுக்காரன் யாருன்னு தெரிஞ்சாத்தானே உள்ள யாரு இருக்கறதுன்னு கேக்க முடியும்?"

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் பிரவீன்குமாருக்குப் போட்டோ போனது. அவன் உடனே கூப்பிட்டான். "அப்பா, யாருகிட்டயும் மூச்சு வுட்டுடாத. தெரிஞ்சா கவர்மெண்ட்டு வந்து வேலி போட்டுக்கும். மொதல்ல கெணத்துல யாரையும் எறங்க வுடாத."

அந்தக் கடைசி வாக்கியத்தால்தான் எல்லாம் கெட்டது.

வேடியப்பன் ஆட்களோடு வந்து சேர்ந்தபோது ராஜாங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் நின்றிருந்தார். என்ன சாக்குச் சொல்வது என்று அதற்குள் யோசித்து வைத்திருந்தார். உடம்பு சரியில்லை என்றால், "நீ போய்ப் படுண்ணே, நாங்க பாத்துக்கறோம்" என்பான். கையில் ஓட்டமில்லை என்றால், "அப்புறம் குடு" என்பான். அவ்வளவு நல்லவனை ஒரு கிணற்றில் இறங்கவிடாமல் நிறுத்த ஒரே வழிதான் இருந்தது.

"வேடியப்பா, வேட்டு வெக்காத. ராத்திரி சொப்பனத்துல கன்னிமாருங்க வந்தாங்க. ஏழு பேரும். 'எங்க தலமாட்டுல வேட்டு வெக்கிறியேடா'ன்னு கேட்டு அழுவறாங்க."

தண்ணீர் ஊறுகிற இடமெல்லாம் கன்னிமார் ஏழு பேருக்கும் இருப்பிடம் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏழு கல்லை வரிசையாக நட்டு மஞ்சள் பூசினால் கோயில் ஆயிற்று. வேடியப்பன் செருப்பைக் கழற்றினான். அவனோடு வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஏழு பேருமா அழுதாங்க?" என்று கேட்டாள் ஆயம்மாள்.

ராஜாங்கத்துக்குப் பொய் சொல்வதில் ஒரு நாணயம் உண்டு; விவரம் கேட்டால் மறைக்க மாட்டார். "எல்லாரும்தான். கடைசிப் பொண்ணு கொஞ்சம் ஜாஸ்தியா அழுதுச்சி."

"அய்யோ, சின்னப் பொண்ணாச்சே" என்று ஆயம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது.

கண்ணகி வாயைத் திறந்தாள். திறந்ததை மூட வேண்டியதாயிற்று. தங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? தங்கத்தைப் பற்றிச் சொன்னால் வீட்டுக்குள் நடக்கப்போகிற சண்டைக்கு உடம்பில் ஏது பலம்? ஆட்கள் போய்விட்டார்கள். கிரேன் மட்டும் ஒற்றைக்கால் கொக்கு மாதிரி அங்கேயே நின்றது.

"சூப்பரா சொன்னன் இல்ல?" என்றார் ராஜாங்கம்.

"சூப்பரு. மரவள்ளிக்கும் போய்ச் சொல்லுங்க, கேட்டுக்கினு பொறுத்துக்கும்."

ஊர் ஒதுங்கிப் போகும், தான் மட்டும் உளியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கலாம் என்பது அவர் கணக்கு. கன்னிமாரைப் பார்க்க ஊர் வரும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மத்தியானமே வீரமுத்துவின் மனைவி ராஜாம்பாள் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு வந்துவிட்டாள். அவள் பின்னால் பெண்கள். அவர்கள் கிணற்று மேட்டில் கொட்டிக் கிடந்த குவியலைக் கிளறி, இருந்ததிலேயே நன்றாக மின்னிய ஏழு கல்லைப் பொறுக்கி எடுத்து, வரிசையாக நட்டு, சிவப்புத் துணி சுற்றினார்கள். ராஜாங்கம் எச்சிலை விழுங்கிக்கொண்டு பார்த்தார். அந்த ஏழில் மூன்று, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே குவியலுக்கு அடியில் ஒளித்துவைத்தவை.

வெள்ளிக்கிழமைக்குள் சட்டதிட்டங்களும் வந்துவிட்டன. செருப்போடு மேட்டில் ஏறக் கூடாது. ஏழு கல்லையும் தொடக் கூடாது. ஆண்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

"என் கெணத்த நான் பாக்கக் கூடாதா?" என்று கேட்டார் ராஜாங்கம்.

"வயசுப் பொண்ணுங்க இருக்கற எடம்" என்றாள் ராஜாம்பாள். "ஆம்பள எட்டிப் பாக்கறது மொறையாண்ணே? நீங்களே சொல்லுங்க. ஒங்க சொப்பனத்துலதானே வந்தாங்க, ஒங்களுக்குத் தெரியாததா?"

கண்ணகிக்கு இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சிரிக்க வயிற்றில் வலு வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கலக்கியே அது தீர்ந்துபோயிருந்தது. வடக்கனந்தல், கச்சிராயபாளையம், அதற்கப்பால் மலைமேல் ஊர்கள், சந்திரனில் யாராவது குடியிருந்தால் அவர்களும் வந்திருப்பார்கள், வந்தவர்கள் எல்லாரும் தாகத்தோடு வந்தார்கள். மோருக்குத் தண்ணீர் வீரமுத்து கொல்லையிலிருந்து குடம் குடமாக அவள் இடுப்பில் வந்தது. அந்தத் தண்ணீர் செடிக்குப் போயிருக்க வேண்டியது. மரவள்ளி அடியிலை பழுத்து, தண்டோடு ஒட்டித் தொங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு நாளும் வரப்பில் நின்று பார்க்கும்போது மஞ்சள் ஒரு கை மேலே ஏறியிருந்தது. வீட்டில் ஒரு மஞ்சள், கொல்லையில் ஒரு மஞ்சள், மேட்டில் ஏழு கல்லில் ஒரு மஞ்சள்.

ஒரு நாள் அவள் மஞ்சள் மினுக்கம் அதிகம் உள்ள ஒரு கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு, மூக்குத்தித் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினாள். கடைத்தெருவில் ஆதிமூலம் பத்தர் அவளுக்குக் காது குத்திய நாளிலிருந்து பழக்கம். முதலில் திருகைப் பார்க்கச் சொன்னாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.

பத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னாம்மா, கெணறு வெட்னியா, போர் போட்டியா?"

"எனக்கில்லீங்க. தெரிஞ்சவங்க குடுத்தாங்க."

"இத்த எடுத்துக்கினு வர்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்சவங்கதான் குடுக்கறாங்க. அந்த மீன்தொட்டியப் பாரு."

பார்த்தாள். தொட்டியின் அடி முழுக்க வெள்ளைக்கல்லும் மஞ்சள் மினுக்கமுமாகக் கிடந்தன. அதன்மேல் இரண்டு மீன்கள் ஜமீன்தார் மாதிரி உலாத்திக்கொண்டிருந்தன.

பத்தர் உரைகல்லை எடுத்து அவள் மூக்குத்தியை ஓர் இழுப்பு இழுத்தார். மஞ்சள் கோடு விழுந்தது. பக்கத்திலேயே கல்லின் மஞ்சள் புள்ளியை வைத்து இழுத்தார். அடுப்புக்கரி மாதிரி கறுப்புக் கோடு, லேசாகப் பச்சை கலந்து.

"ஆச்சா? இப்ப அடிச்சிப் பாக்கலாம். தங்கம்னா அடிக்க அடிக்க அகலும், ஒடையாது." மஞ்சள் துணுக்கைப் பெயர்த்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினார். பொடிப்பொடியாய்ப் போயிற்று. பொடியை எடுத்துச் சுடரில் காட்டினார். சின்னப் பிள்ளைகள் வெடிக்கிற கேப்பு வாசனை குப்பென்று வந்தது.

"கந்தகமும் இரும்பும்" என்றார். "வேறொண்ணுமில்ல."

"காக்காப்பொன்னுங்களா?"

"அது ஏடு ஏடா உரியும். இது அதுகூட இல்ல."

"அப்ப அந்த வெள்ளக்கல்லு?"

"அது நல்ல கல்லும்மா. கண்ணாடியாட்டம் இருக்குது. ஆனா நீ சும்மா குடுத்தாலும் வெக்க எடமில்ல. மீனுங்க மூச்சு வுடவே எடம் பத்தல."

தங்கம் இல்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட பொம்பளை கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அன்றைக்கு அவள் ஒருத்திதான். இனி கிணறு வெட்டலாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வீடு வரைக்கும் அவள் மனம், அசதியோடு அசதியாக, கொஞ்சம் காற்றாடியது.

ராஜாங்கம் நம்பவில்லை. பத்தர் ஏமாற்றுகிறார், விஷயம் தெரிந்து இடத்தை அமுக்கப் பார்க்கிறார் என்றார். அம்மிக் குழவியால் ஒரு கல்லை அடித்தார், உடைந்தது. இன்னொன்று, அதுவும். தோசைக்கல்லைக் காயவைத்துப் பொடியைப் போட்டார். வீடு முழுக்கத் தீபாவளி மறுநாள் வாசனை. அதற்குப் பிறகு பிள்ளையார் கணக்காகக் கால்மடித்து உட்கார்ந்துவிட்டார்.

"சொட்டுநீர்க் குழா போட்டு, புது மோட்டாரு வெச்சி, கொல்லைய ராசா மாதிரி வெக்கலாம்னு பாத்தன்" என்றார் தரையைப் பார்த்து.

"ராசாவுக்கு மொதல்ல குடிக்கத் தண்ணி வேணும். எழுந்து வாங்க, வேடியப்பன் வூட்டுக்குப் போலாம்."

வேடியப்பன் பாயை விரித்துப் போட்டான். ராஜாங்கம் நேராகவே சொல்லிவிட்டார். "சொப்பனம் இல்ல, ஒண்ணுமில்லப்பா. நான் சும்மா சொன்னன். நீ வந்து வேலையப் பாரு."

வேடியப்பன் ஆயம்மாளைப் பார்த்தான். ஆயம்மாள் அவனைப் பார்த்தாள்.

"அண்ணே, வந்த சாமிய வரலைன்னு சொல்லலாமா? கண்ணு போயிடும்ண்ணே."

"யோவ், கல்லுல தங்கம் இருக்குதுன்னு நெனச்சேன்யா. யாரும் எறங்கக் கூடாதுன்னு பொய் சொன்னன்."

"தங்கமாட்டம் தெரிஞ்சிருக்காங்க!" என்று வேடியப்பன் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "ஒங்களுக்குக் காட்சி குடுத்திருக்காங்கண்ணே. எத்தினி பேருக்குக் கெடைக்கும்?"

ராஜாங்கம் இன்னும் இரண்டு தரம் உண்மையைச் சொன்னார். ஒவ்வொரு தரம் சொல்லும்போதும் கன்னிமாருக்கு ஓர் அடி உயரம் கூடியது. கடைசியில் ஆயம்மாள்தான் பேச்சை முடித்தாள்.

"அக்கா, நீ கோச்சிக்காத. எங்கூட்டுக்காரு வேட்டு வெக்கிற கை. சாமி இருக்குதோ இல்லியோ, பயந்துக்கினு வெச்சா கை நடுங்கும். நடுங்குனா போச்சி. அண்ணன் பொய்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. கை போனா நான் இன்னா பண்ணுவன்?"

ஆயம்மாள் சொன்னது சரி என்பதுதான் கண்ணகியின் அசதியை இன்னும் கூட்டியது. திரும்பி நடக்கும்போது கால் இரண்டும் வேறு யாருடையவோபோல் பின்னால் வந்தன.

அடுத்த வெள்ளிக்கிழமை ராஜாம்பாள் ஏற்பாட்டில் கிணற்று மேட்டில் பொங்கல். பம்பை அடிக்க ஆள் வந்திருந்தது. கொல்லைக்காரி என்பதால் எல்லா வேலையும் கண்ணகி தலையில் விழுந்தது. மேட்டைக் கூட்டி, சாணம் தெளித்து, விறகு சுமந்து, அரிசி புடைத்து, தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, வெயில் உச்சிக்கு வரும்போது பொங்கல் பொங்கியது. குலவை போட்டார்கள். கண்ணகி கற்குவியலின்மேல் போய் உட்கார்ந்தாள். எதிரே மரவள்ளி. ஒரு பக்கம் மொத்தமாகவே வெளுத்துவிட்டிருந்தது.

அப்போது அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது.

அது சாதாரணக் கொட்டாவி இல்லை. கோமுகி அணையில் ஷட்டரைத் தூக்கியதுபோல் வாய் திறந்தது, திறந்தது, திறந்துகொண்டே போனது. பறந்துபோன காக்கை ஒன்று பயந்து திசை மாறியது. அது முடிவதற்குள் அதன் தங்கை வந்தது. அப்புறம் அதன் தங்கை. கண்ணில் நீர் ஊற்ற, உடம்பு முறுக்கிக்கொண்டு, கை இரண்டும் தானாகத் தலைக்குமேல் போயின.

சாமி வரப்போகிறவர்களுக்கு முதலில் கொட்டாவிதான் வரும். அது அங்கே எல்லாரும் அறிந்த விஷயம்.

"அக்காவுக்கு வருது!" என்று கத்தினாள் ஆயம்மாள். "அடிங்க, அடிங்க!"

பம்பை எகிறியது. "ஒண்ணுமில்லடி, தூக்..." என்று கண்ணகி சொல்ல வந்ததை நாலாவது கொட்டாவி விழுங்கிவிட்டது. வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை ஒரு குடம் அவள் தலையில் கவிழ்த்தார்கள். எவ்வளவு சுகமாக இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். ராஜாம்பாள் கற்பூரத் தட்டோடு எதிரே வந்து நின்றாள்.

"தாயே, வந்திருக்கறது யாரு?"

பம்பை நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை சொல்வதற்காக இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. கண்ணகி ஏழு கல்லையும் பார்த்தாள். சொல்வது பாவமா? இந்தக் கிணற்றில் கன்னிமார் நிஜமாகவே இருந்தால் அவர்களும் காய்ந்துதானே கிடப்பார்கள்? மரவள்ளியைப் பார்த்தாள். எழுந்து ஆட உடம்பில் சத்தில்லை. உட்கார்ந்தபடியே பேசினாள்.

"யாரா இருந்தா இன்னா? ஏழு பேருக்கும் தாகம்தான்."

"இன்னா கொற தாயே? சொல்லு."

"அடியில வெள்ளக்கல்லு அடச்சிக்கினு நிக்குது. ஊத்து வர வழியில்ல. தண்ணியில்லாத கெணத்துல எங்கள ஒக்கார வெச்சிட்டு மேல நின்னு பொங்கல் வெச்சித் திங்கறீங்களே, வெக்கமா இல்ல?"

பெண்கள் 'அய்யோ' என்று வாயில் அடித்துக்கொண்டார்கள். "ஆடல, கத்தல, ஒக்காந்த எடத்துலயே பேசுது பாரு" என்றாள் ஒருத்தி. "ஆடாத சாமிதான் பெரிய சாமி" என்றார் பம்பைக்காரர்.

வேடியப்பன் முன்னால் வந்து மண்டியிட்டான். "தாயே, வேட்டு வெச்சா கோவிச்சிக்க மாட்டியே? என் கைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லு, இப்பவே எறங்கறன்."

கண்ணகி அவன் கையைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஆயம்மாளைப் பார்த்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்கே கல் உடைந்துவிடும். மற்றதையெல்லாம் சொல்லிவிட்ட வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

"வேட்டு வேணாம். கம்ப்ரசர வெச்சித் தொள போடு. கடப்பாறையால நெம்பி எடு. லேட்டானா ஆவட்டும்."

ஆயம்மாள் குனிந்து அவள் காலைத் தொட்டாள்.

இந்த இடத்தில் ராஜாங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, துண்டை இடுப்பில் இறக்கி, உலகத்திலேயே பெரிய பக்தன் மாதிரி கைகட்டி நின்றார். "தாயே, ஒடச்ச கல்லெல்லாம் என் வூட்டுக்கே எடுத்துக்கினு போய் வெச்சி பூச பண்ணட்டுமா?"

சாமி மெதுவாகத் தலையைத் திருப்பியது. அந்தப் பார்வையை ராஜாங்கம் கல்யாணத்துக்கு மறுவாரத்திலிருந்து அறிவார்.

"ஒரு கல்லுகூட வூட்டு வாசப்படி ஏறக் கூடாது. எல்லாத்தையும் வண்டிப் பாதை பள்ளத்துல கொட்டு. அப்புறம் அந்த பீரோக் கண்ணாடிய மாத்து."

கூட்டம் விழித்தது. "பொண்ணுங்க இல்ல? மொகம் பாத்துக்க வோணாமா?" என்று ராஜாம்பாள் விளக்கம் சொன்னதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

வேட்டு இல்லாமல் வெள்ளைக்கல் லேசில் அசையவில்லை. துளை போட்டுப் போட்டு, நெம்பி நெம்பி, வேடியப்பன் ஆட்களின் கை கொப்புளித்தது. கண்ணகி அவர்களுக்குக் கூழ் காய்ச்சி ஊற்றினாள், வரப்புக்குப் போனாள், வந்தாள், மறுபடி ஊற்றினாள். வண்டிப் பாதைப் பள்ளமெல்லாம் வெயிலில் வைரக்கடை மாதிரி பளபளத்தது; அந்த வழியாகப் போன டிராக்டர்காரர்கள் கண் கூசிக் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள். ஒரு மத்தியானம் கீழேயிருந்து ஆயம்மாள் "அக்கா!" என்று அலறினாள். வெள்ளைக்கல்லும் கறுப்புப் பாறையும் சேரும் இடுக்கில் நூல் மாதிரி ஒரு கசிவு. சாயங்காலம் அது விரல் தடிமன் ஆயிற்று. வெள்ளம் எல்லாம் இல்லை. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி, நின்று, ஊறவிட்டு, மறுபடி ஓடுகிற அளவுக்குத் தண்ணீர்.

ஒரு ஏக்கர் போனது போனதுதான். அதைப் பிடுங்கி விறகாக அடுக்கினாள். மற்ற இரண்டு ஏக்கரில் தண்டின் நுனியில் புதுத் தளிர் விட்டது. அதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க அவளுக்கு ஆசைதான். குதிக்கும் வேலையைத் தள்ளிப்போட்டாள்.

ஆனால் சாமி வந்தது வந்ததாகவே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் எலுமிச்சம்பழமும் வெற்றிலையுமாகப் பெண்கள் கிணற்று மேட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். மகளுக்கு வரன் எப்போது அமையும், மருமகன் எப்போது திருந்துவான், தொலைந்த ஆடு எந்தத் திசையில் போயிற்று, எல்லாவற்றுக்கும் கண்ணகிதான் சொல்ல வேண்டும். அந்த வெள்ளியன்றும் அவள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்கு வந்தபோது புங்கமரத்து நிழலில் வரிசை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"போவச் சொல்லுங்க" என்றாள் புருஷனிடம். "கரண்டு வந்துடுச்சி. நான் மட திருப்பணும்."

ராஜாங்கம் பதறினார். இப்போது அவர் நெற்றி நிறைய விபூதி. "மெதுவா பேசுடி! சாமியே மம்முட்டி எடுத்துக்கினு மட திருப்பப் போனா ஜனம் இன்னா நெனைக்கும்?"

கண்ணகி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி அவர் கையில் வைத்தாள்.

"அதான, இன்னா நெனைக்கும்? நீங்க போங்க."

அவர் மண்வெட்டியைப் பார்த்தார், ஜனத்தைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கண்ணகி மரத்தடிக்குப் போய், பெண்களுக்கு எதிரே உட்கார்ந்து, அடிமரத்தில் சாய்ந்தாள். ராஜாம்பாள் எலுமிச்சம்பழத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, "தாயே, எங்க சின்னவனுக்கு..." என்று ஆரம்பித்தாள். சின்னவனுக்கு என்ன என்பது கண்ணகியின் காதில் விழவில்லை. கண் மூடிக்கொண்டது. தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கூட்ஸ் வண்டி மேட்டில் ஏறுவதுபோல் ஒரு குறட்டை கிளம்பியது.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உஷ்" என்றாள் ராஜாம்பாள். "சாமி ஆழமா போயிருக்குது. வரட்டும். யாரும் பேசாதீங்க."

ஒருத்தி முந்தானையால் அவளுக்கு விசிறினாள். ஒருத்தி அவள் காலில் ஏறிய எறும்பைத் தட்டிவிட்டாள். கொல்லைக்குள்ளிருந்து ராஜாங்கம், "ஏ கண்ணகி! தண்ணி மொதல்ல எந்தப் பக்கம் வுடணும்?" என்று கூவினார். மரத்தடியிலிருந்து அத்தனை கைகளும் ஒரே சமயத்தில் எழுந்து அவரைச் சும்மா இரு என்றன. அவர் மண்வெட்டியோடு பாத்திக்குள் இறங்கினார். பிறகு குனிந்து, எந்தப் பாத்தி அதிகம் வாடியிருக்கிறது என்று தானே பார்த்து, அந்தப் பக்கம் மடையை வெட்டிவிட்டார்.